ஹர்கிலாவுக்கு வளைகாப்பு

கல்கத்தா மாநகராட்சியின் பழைய சின்னத்தில் இரண்டு பெரிய பறவைகள் எதிரெதிரே நின்றன. நெட்டைக் கால்கள், ஆப்பு வடிவில் தடித்த அலகு, மயிர் உதிர்ந்த தலை. பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு ‘அட்ஜுடன்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் விறைப்பான நடை அணிவகுப்பில் வரும் படை அதிகாரியை நினைவூட்டியதாம். அசாமியருக்கு இது ஹர்கிலா. நாரைக் குடும்பத்துப் பறவை. நின்றால் ஏறத்தாழ ஐந்தடி உயரம், சிறகை விரித்தால் எட்டடி.

19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் மழைக்காலம் வந்துவிட்டால் ஊரெல்லாம் ஹர்கிலாதான். கவர்னர் ஜெனரல் மாளிகையின் கூரையில் நிற்கும்; கசாப்புக் கடைகளைச் சுற்றித் திரியும். அந்தக் காலத்து நகர ஓவியங்களில் கட்டடங்களின் உச்சியில் ஆள் நிற்பதுபோலத் தெரிபவை பல இடங்களில் இந்தப் பறவைகளே. செத்த விலங்கு, கழிவு இறைச்சி, எலும்பு எதுவானாலும் முழுசாக விழுங்கித் தெருவைச் சுத்தமாக்கிவிடும். அதனால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. கொன்றவருக்கு 50 ரூபாய் அபராதம். அன்றைக்கு அது ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடக்கூடிய பணம்.

ஆக, மரியாதை இருந்தது, சட்டம் இருந்தது, நகரச் சின்னத்தில் இடமும் இருந்தது. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டு பிறந்து சில பத்தாண்டுகளுக்குள் கல்கத்தாவில் ஹர்கிலா இல்லாமல் போயிற்று.

காரணங்கள் பல. நகரத்தில் சாக்கடை வந்தது, குப்பை அள்ளும் ஏற்பாடு வந்தது. சதுப்புகள் தூர்க்கப்பட்டன. ஆனால் என் மனதில் நிற்பது வேறொரு செய்தி. மழைக்காலத்தில் வந்து குளிர்காலத்தில் காணாமல் போகும் இந்தப் பறவை எங்கே போய்க் கூடு கட்டுகிறது என்பதே கல்கத்தாவில் நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1877இல்தான் பர்மாவின் பெகு பகுதியில், சிட்டாங் ஆற்றங்கரைக் காடுகளில் பெரும் கூட்டமாக அவை கூடு கட்டுவது தெரியவந்தது. கல்கத்தாவுக்கு வந்தவை அங்கே பிறந்தவையாகத்தான் இருக்கும் என்று அன்று நம்பினார்கள். பிறகு அந்தக் காடுகளும் அழிந்தன, கூட்டமும் அழிந்தது. பறவையைச் சின்னத்தில் பொறித்தவர்களுக்கு அது கூடு கட்டும் மரத்தைத் தெரியாது. அந்த மரத்தடியில் வாழ்ந்தவர்களுக்கோ சின்னத்தைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு பறவையைக் கலையில் போற்றுவதற்கும் அதைக் காப்பாற்றுவதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்க முடியும்.

இன்று உலகத்தில் ஹர்கிலா இனப்பெருக்கம் செய்யும் இடங்கள் மூன்றே பகுதிகளில் எஞ்சியுள்ளன: கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியைச் சுற்றிய பகுதி, பீகாரில் கங்கை, கோசி ஆறுகளுக்கு இடைப்பட்ட பாகல்பூர் வட்டாரம், அசாமின் பிரம்மபுத்திரா சமவெளி. இவற்றில் பெரியது அசாம். அங்கே நடந்த மாற்றத்தைச் சொல்லத்தான் இவ்வளவு முன்கதை.

அசாமில் ஹர்கிலா கூடு கட்டுவது அடர்ந்த காட்டில் அல்ல. வீட்டுக் கொல்லையில் நிற்கும் கடம்பு, இலவு போன்ற உயர்ந்த மரங்களில். ஒரே மரத்தில் பல கூடுகள் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் பறவைகள் வந்து சேரும்; இரண்டு மூன்று முட்டைகள்; ஏறக்குறைய ஐந்து மாதம் குஞ்சுகளைக் கூட்டிலேயே வைத்து ஊட்டி வளர்க்கும். அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டுக்காரி படும் பாட்டை யாராவது எழுதியிருக்க வேண்டும். காலையில் வாசல் கூட்டப் போனால் தரையெல்லாம் வெள்ளை எச்சம். அதன் நடுவே குஞ்சு வாய்தவறிக் கீழே போட்ட மீன் தலை, பாதி செரித்த பாம்பு, எலும்புத் துண்டு, ஏதோ செத்த பிராணியின் தோல். வெயில் ஏற ஏற நாற்றம் ஏறும். துணி காயப்போட முடியாது. விருந்தாளி வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். நாய்கள் வேறு வந்து கிளறும்.

இதெல்லாம் கற்பிதம் இல்லை, உண்மையான தொல்லை. இதன் மேல்தான் மற்ற நம்பிக்கைகள் படிந்தன. அபசகுனம், தீட்டு, நோய் பரப்பும் பறவை. கல்லெறிவார்கள், மரத்தடியில் புகை போடுவார்கள். கடைசியில் மரத்தையே வெட்டிவிடுவார்கள். மரம் சொந்த மரம். வெட்டினால் விறகும் ஆகும், பணமும் ஆகும். யார் கேட்பது?

2007இல் காமரூப் மாவட்டத்தின் தாதரா கிராமத்தில் அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டது. அப்போது ஹர்கிலா பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த பூர்ணிமா தேவி பர்மன் செய்தி கேட்டு ஓடினார். கூடுகளோடு விழுந்திருந்த மரத்தினடியில் ஒன்பது குஞ்சுகள் கிடந்தன. ஏன் வெட்டினீர்கள் என்று அவர் கேட்டதும் ஊரே கூடிக்கொண்டது. அவ்வளவு அக்கறை என்றால் நீயே வந்து எங்கள் வீட்டு வாசலைக் கழுவிவிடு என்று கேலி பேசினார்கள். அவருக்கு அப்போது இரட்டைப் பெண்குழந்தைகள், மிகச் சிறியவர்கள். கீழே கிடந்த குஞ்சுகளைப் பார்த்தபோது ஒரு தாயாகத்தான் பார்த்தேன் என்று பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆய்வேட்டை ஒதுக்கிவைத்தார். அதை முடித்துப் பட்டம் பெற 2019 ஆயிற்று.

வாசலைக் கழுவிவிடு என்று சொன்ன பேச்சில் கேலி இருந்தாலும் நியாயமும் இருந்தது என்றே நினைக்கிறேன். பறவையால் வரும் வேலை முழுவதும் அந்த வீட்டுப் பெண்ணின் தலையில். பறவையின் அருமையைப் பேச வருபவர் வெளியிலிருந்து வந்து, பேசிவிட்டு, திரும்பிப் போய்விடுவார். அந்தப் பெண்களை விட்டுவிட்டு ஹர்கிலாவைக் காப்பாற்றவே முடியாது என்பதைப் பூர்ணிமா பிடித்துக்கொண்டார். ஆனால் ‘பாதுகாப்புக் கூட்டம்’ என்று அழைத்தால் பெண்கள் வர மாட்டார்கள். வீட்டு வேலை விடாது, ஆண்கள் நடுவில் பேசிப் பழக்கமும் இல்லை. எனவே பீட்டா சுடும் போட்டி வைத்தார். பீட்டா என்பது பிஹு பண்டிகைக்கு அசாமில் அரிசிமாவில் செய்யும் பலகாரம். போட்டிக்கு வந்த பெண்களிடம் பேச்சுவாக்கில் பறவையைப் பற்றிப் பேசினார். மரம் வைத்திருப்பவர்களை மேடையேற்றி, தோளில் கமோசா என்ற துண்டைப் போட்டு மரியாதை செய்தார். தொல்லை கொடுக்கும் மரத்தின் சொந்தக்காரர் என்ற நிலை போய், உலகத்தில் அரிதான பறவைக்கு இடம் கொடுத்தவர் என்ற பெயர் அவருக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் கலை என்று சொல்கிறேன். காட்சிக்கூடத்தில் தொங்கவிட்டு, வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகும் கலை இல்லை. அந்த ஊர்ப் பெண்களுக்குப் பிறந்தது முதல் தெரிந்த மூன்று கலைகள் இருந்தன: சடங்கு, பாட்டு, நெசவு. மூன்றுக்குள்ளும் ஹர்கிலா நுழைந்தது. நுழைத்தவர்கள் அவர்களே.

முதலில் சடங்கு. அசாமில் கருவுற்ற பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் பஞ்சாமிர்தம் என்று ஒரு சடங்கு செய்வார்கள். பால், தயிர், நெய், தேன், சர்க்கரை கலந்து கொடுத்து, உறவுப் பெண்கள் கூடி வாழ்த்துவார்கள். நம்மூர் வளைகாப்பைப் போல ஆண்களுக்கு அதிகம் வேலை இல்லாத, பெண்களின் விழா. அந்தச் சடங்கை ஹர்கிலாவுக்குச் செய்தால் என்ன? செய்தார்கள். பறவைகள் முட்டையிடும் பருவத்தில் பெண்கள் கூடி, பலகாரம் செய்து, பாடி, குலவையிட்டு வாழ்த்துகிறார்கள். தீட்டு என்று துரத்தப்பட்ட பறவை இப்போது கர்ப்பிணி. கர்ப்பிணி இருக்கும் வீட்டை யார் இடிப்பார்கள்? கர்ப்பிணி இருக்கும் மரத்தை எப்படி வெட்டுவது? சட்டப் பிரிவுகளைப் படித்துக் காட்டி உண்டாக்க முடியாத ஒரு தயக்கத்தை அந்தச் சடங்கு அரிவாள் பிடித்த கைக்குள் வைத்துவிட்டது.

அடுத்தது பாட்டு. ஒவ்வொரு அசாமிய ஊரிலும் நாம்கர் என்ற பிரார்த்தனைக் கூடம் உண்டு; பெண்கள் கூட்டமாக அமர்ந்து கைதட்டி நாமம் பாடுவது அங்கே அன்றாட வழக்கம். அதே மெட்டுகளில் ஹர்கிலாவைப் பற்றிய பாட்டுகள் கட்டப்பட்டன. மெட்டு பழகியது, சொல் மட்டும் புதிது. அதனால் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. கூடவே காகிதக்கூழில் செய்த ஹர்கிலா தலைகளைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மஞ்சள் அலகும் ஆரஞ்சுக் கழுத்துப்பையும் வைத்த அந்தத் தொப்பிகளோடு அசாமிய உடையான மேகேலா சாதர் உடுத்திய நடுவயதுப் பெண்கள் நிமிர்ந்து நடந்து வரும் படங்களைப் பார்த்திருக்கிறேன். அசிங்கமான பறவை என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட ஒன்றின் முகத்தைத் தன் முகத்துக்கு மேலே வைத்துக்கொள்ள முதலில் துணிந்த பெண் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

மூன்றாவதான நெசவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அசாமியக் கிராமத்து வீடுகளில் தறி என்பது அடுப்பைப் போல அவசியமான பொருள். தாதரா இருக்கும் அதே காமரூப் மாவட்டத்தில்தான், பிரம்மபுத்திராவின் அதே வடகரையில்தான், பட்டு நெசவுக்குப் பேர்போன சுவால்குச்சியும் இருக்கிறது. கமோசா என்பது வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் பூ வைத்து நெய்த துண்டு. பெரியவர்களுக்கு மரியாதை செய்ய, விருந்தாளியை வரவேற்க, பூஜையில் வைக்க, பிஹுவுக்குப் பரிசளிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். பூ போடும்போது மெல்லிய மூங்கில் குச்சிகளால் பாவு இழைகளை எண்ணித் தூக்கி, அந்த இடைவெளியில் வண்ண நூலை ஊடுவிட்டுக் குறுக்கே கோக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் எண்ணிக்கைதான். தறியில் வளைவு வராது. எல்லாம் படிப்படியாக, கட்டம் கட்டமாகத்தான் வரும். தாமரை, செடி, மயில் இவற்றின் கணக்கெல்லாம் பாட்டி காலத்திலிருந்து கைக்கு வந்துவிட்டது. ஹர்கிலாவுக்கு அப்படி ஒரு கணக்கு யார் கையிலும் இல்லை.

அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பறவையை உற்றுப் பார்க்காமல் முடியாது. கழுத்து எங்கே மடிகிறது? பை எவ்வளவு கீழே தொங்குகிறது? அலகு தலையைவிட எத்தனை மடங்கு நீளம்? கால் எத்தனை வரிசை வர வேண்டும்? நேற்றுவரை கண்ணில் படக்கூடாது என்று முகம் திருப்பிய பறவையை, இன்று நூல் நூலாக எண்ணிப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. ஒரு உயிரை இவ்வளவு கவனமாகப் பார்த்த பிறகு அதன்மேல் கல்லெறிவது கடினம். கலை மனிதரை மாற்றும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த இடத்தில், எந்தக் கணத்தில் மாற்றுகிறது என்று கேட்டால் நான் இந்தத் தறியைத்தான் காட்டுவேன்.

பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைக்க ஏற்பாடு ஆயிற்று. ஹர்கிலா போட்ட மேகேலா சாதர், கமோசா, துப்பட்டா விற்பனைக்கு வந்தன. காசு வந்தது. காசு வந்ததால்தானே அக்கறை வந்தது என்று சிலர் குறை சொல்லக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. பறவையின் எச்சத்தைக் காலமெல்லாம் கூலியில்லாமல் கழுவிய கைகளுக்கு அதே பறவையால் நாலு காசு வருவதில் என்ன குறை? அதோடு, கமோசா வெறும் சரக்கில்லை. அசுத்தம் என்று ஒதுக்கியதை மரியாதையின் துணியில் ஏற்றி விருந்தாளியின் கழுத்தில் போடுவது ஊர் தன் வாயால் சொல்லாமல் சொன்ன ஒப்புதல்.

இந்தப் பெண்களின் கூட்டத்துக்கு ‘ஹர்கிலா படை’ என்று பெயர். பூர்ணிமாவை அவர்கள் ‘ஹர்கிலா பாய்தேவ்’, அதாவது ஹர்கிலா அக்கா என்கிறார்கள். 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அவருக்குத் தன் உயரிய விருதான ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’ வழங்கியபோது படையில் 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். தாதரா, பசரியா, சிங்கிமாரி கிராமங்களில் தொடக்கத்தில் 28 கூடுகள். 2022இல் 250க்கும் மேல். உலகத்திலேயே ஹர்கிலா அதிகமாகக் கூடு கட்டும் இடம் இன்று அதுதான். 2023இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஹர்கிலா ‘அருகி வரும் இனம்’ என்ற நிலையிலிருந்து ‘அச்சுறுத்தலை நெருங்கிய இனம்’ என்ற நிலைக்கு இரண்டு படி நகர்ந்தது. கம்போடியாவில் முன்பு முட்டையும் குஞ்சும் எடுத்தவர்களையே காவலுக்கு வைத்ததும், பாகல்பூரில் மக்கள் இதைக் கருடன் என்று கண்டு காத்ததும் இந்த முன்னேற்றத்தில் சேர்ந்தவைதான். பாகல்பூருக்குப் புராணம் துணைக்கு வந்தது. தாதராவுக்கு அப்படி எதுவும் இல்லை.

இந்த இடத்தில் நம் வேடந்தாங்கல் நினைவுக்கு வராமல் இருக்காது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் போய்ப் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கிய ஊர் அது. ஆனால் வேடந்தாங்கல் விவசாயிக்குப் பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் உரம். அக்கறைக்கு அடியில் ஒரு விளைச்சல் கணக்கு இருந்தது, தலைமுறைகளின் பழக்கமும் இருந்தது. தாதராவில் எச்சம் வாசலில் விழுந்தது; பழக்கம் இருந்ததெல்லாம் துரத்துவதில். ஆகவேதான் அசாமியப் பெண்கள் செய்ததைக் கூடுதல் வியப்போடு பார்க்கிறேன். மரபு என்றால் முன்னோர் விட்டுப்போனது என்று கைகட்டி நிற்கிறோம். அவர்கள் இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில் ஒரு மரபையே உண்டாக்கிவிட்டார்கள். தாதராவில் இன்று பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு ஹர்கிலாவுக்குப் பஞ்சாமிர்தம் செய்வது ‘எப்போதும் நடப்பது’.

மரத்தடியில் இன்று வலை கட்டியிருக்கிறார்கள். புயல் காற்றில் குஞ்சு விழுந்தால் வலை தாங்கும். அடிபட்டதை குவாஹாட்டியில் உள்ள அசாம் அரசு உயிரியல் பூங்காவுக்கு அனுப்பித் தேற்றி, பறக்கும் பருவத்தில் விடுவிக்கிறார்கள். மரங்கள் குறைந்துபோனதால் 2017இல் உயரமான மூங்கில் மேடைகள் கட்டிப் பார்த்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் அவற்றிலும் குஞ்சு பொரித்தது.

நாற்றம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பறவை மாறவில்லை. அதே மீன் தலை, அதே எலும்பு, அதே எச்சம். அதைக் கழுவுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். அந்த வேலையின் சுமையை வீட்டு ஆண்கள் பகிர்ந்துகொள்ளும் நாள் வந்தால் அன்றைக்கு இந்தக் கதை இன்னும் முழுமையாகும்.

பெரிய கவலை ஊருக்கு வெளியே இருக்கிறது. கூட்டில் இருக்கும் குஞ்சை ஐந்து மாதம் வளர்க்க மீன் வேண்டும், தவளை வேண்டும், அதற்கு நீர்நிலை வேண்டும். பிரம்மபுத்திரா வெள்ளத்தில் நிரம்பி வடியும் ‘பீல்’ எனப்படும் ஏரிகள் வீடு கட்டவும் ரோடு போடவும் தூர்க்கப்பட்டுவருகின்றன. குவாஹாட்டியின் ஓரத்தில் உள்ள தீபோர் பீல் 2002 முதல் ராம்சார் நிலம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலம். அதன் பக்கத்திலேயே நகரத்தின் குப்பை பல ஆண்டுகள் கொட்டப்பட்டது. போராகான் குப்பைமேட்டில் நூற்றுக்கணக்கான ஹர்கிலாக்கள் லாரிகளுக்கும் குப்பை பொறுக்கும் மனிதர்களுக்கும் நடுவே நின்று, பிளாஸ்டிக்கோடு சேர்த்து இரை விழுங்கும் காட்சியை உலகப் புகைப்படக்காரர்கள் அத்தனை பேரும் எடுத்துவிட்டார்கள். கல்கத்தாவில் அன்று எலும்பும் மாமிசமும் கிடந்த குப்பை. இன்றைய குப்பையில் கிடப்பது அதைக் கொல்லக்கூடியது. கிராமத்துப் பெண் மரத்தைக் காப்பாற்றித் தந்துவிட்டார். அவர் காப்பாற்றிய தாய்ப்பறவை நகரத்து நெகிழிப்பையைக் கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது என்றால் அந்தக் குற்றத்தில் தாதராவுக்குப் பங்கில்லை.

ஹர்கிலா படை இதையும் விட்டுவைக்கவில்லை. கூடு உள்ள மரங்களைச் சுற்றியும் நீர்நிலைக் கரைகளிலும் 2022க்குள் 45,000 மரக்கன்றுகளை நட்டிருந்தார்கள். ஆற்றங்கரைக்கும் பீல்களுக்கும் போய்த் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அதில் பெரும்பாலானது அவர்கள் போட்டது இல்லை.